ரோசின் தேய்க்காத வில்

கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு இரண்டு நாள் முன்பு, பாடகர் குழுத் தலைவர் ஜெபசிங் ஒரு புது வயலின் வில்லைக் கொண்டுவந்து ஞானதுரையிடம் கொடுத்தார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. அன்னைக்கு இதை வச்சு வாசிங்க. ரோசின் மட்டும் தேய்க்க வேண்டாம்."

ரோசின் பிசின் தேய்க்காத வில் தந்தியில் வழுக்கிக்கொண்டு போகும். சத்தம் வராது. கூட்டுறவு வங்கி வேலைக்கு நடுவே பத்தொன்பது வருடம் வயலின் கற்ற ஞானதுரைக்கு அது தெரியும். ஆனால் அவர் வாசிப்பதைப் பார்க்க மகள் பெங்களூரிலிருந்து கிளம்பிவிட்டாள். வில்லை வாங்கிக்கொண்டார்.

ஆராதனையில் அவருக்குக் கடைசி வரிசை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பிசிறும் இல்லாமல் வாசித்தார். பக்கத்தில் ஓய்வுபெற்ற எஸ்தர் டீச்சர் கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க வில்லை இழுத்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பாட்டில்தான் ஞானதுரை கவனித்தார். இவ்வளவு அருகில் இருந்தும் அந்த வயலின் அவருக்குக் கேட்கவில்லை. டீச்சர் வில்லின் குதிரைமுடியும் ரோசின் தூள் படியாமல் புத்தம் புதிதாக இருந்தது.

எல்லாம் முடிந்ததும் டீச்சர் முகத்தைத் துடைத்தபடி கேட்டார்: "இன்னைக்கு எனக்கு நல்லா வந்துச்சுல்லா?"

"வந்துச்சு டீச்சர். கடைசிப் பாட்டுல உங்க வயலின் தனியா கேட்டுச்சு."

டீச்சர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வயலினைப் பெட்டிக்குள் வைத்து மூடி, இரண்டு கொக்கிகளையும் மெதுவாக மாட்டினார்.

"உங்களதுந்தான், தம்பி" என்றார்.