ஒரு மிடறு

மீன் வைத்து மடித்த டாக்கோ ரொட்டியை இரண்டாவது முறை கடித்தபோதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது.

இடது கன்னத்துக்குள் ஏதோ ஒதுங்கியிருந்தது. முதல் கடியில் தின்ற மீன். விழுங்கிவிட்டதாகத்தான் நினைத்திருந்தாள்.

நாக்கால் துழாவி விழுங்கினாள். கைப்பேசியில் குறித்துக்கொண்டாள். 'மீன் மொறுமொறு. மாங்காயில் காரம் தூக்கல்.'

சனிக்கிழமைதோறும் பெங்களூரில் ஏதாவதொரு கடை. டாக்கோவில் தொடங்கினால் காக்டெயிலில் முடிப்பாள். தின்றதைப் பற்றி நாலு வரி எழுதிப் போடுவாள். படிக்கவும் ஆள் இருந்தது. எபநேசர் கூட வருவான். அவள் மிச்சம் வைப்பதைத் தின்று தீர்ப்பது, புருஷன் என்ற முறையில் அவன் வேலை.

இன்று அவன் எதையும் தொடவில்லை.

வரும் வழியில் காரில் சொல்லியிருந்தான். மஸ்கட் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டதாக. தனியாகப் போவதாக. கொஞ்ச காலம் பிரிந்திருந்தால் இருவருக்கும் நல்லது என்று.

போகவில்லை என்று அவன் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தாள்.

காக்டெயில் வந்தது. புனர்புளிப் பழச்சாறும் ஜின் மதுவும். நல்ல சிவப்பு.

ஒரு மிடறு குடித்தாள்.

கழுத்தில் சில்லென்றது.

குனிந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் சிவப்பாக நனைந்திருந்தது. உதட்டோரம் வழிந்ததே தெரியவில்லை.

டிஷ்யூ எடு என்றாள்.

அவள் காதுக்கே அது வேறென்னவோவாகக் கேட்டது. மறுபடி சொன்னாள். வாய்க்குள் துணியை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

பக்கத்து மேசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பார்க்காததுபோல் இருந்தார்கள். பரிமாறுபவர் வந்து கோப்பையைப் பணிவாகத் தள்ளி வைத்தார். மேடத்துக்குத் தண்ணீர் கொண்டுவரட்டுமா என்று எபநேசரிடம் கேட்டார்.

ஒரே ஒரு மிடறுதான் என்று சொல்ல நினைத்தாள். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

எபநேசர் அவளையே பார்த்தான்.

"ஜெசி, கொஞ்சம் சிரி."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. பிரிந்து போவதாகச் சொல்லிவிட்டுச் சிரிக்கச் சொல்கிறானே என்று.

அப்புறம்தான் அவன் கண்களைப் பார்த்தாள்.

அவன் அப்பா ஒரு கல்யாணப் பந்தியில் இப்படித்தான் கடைவாயில் பாயசம் வழிய உட்கார்ந்திருந்தார். குடித்திருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். பந்தி முடிந்து இலையெடுக்க வந்தவர் தொட்டபோது அப்பா சரிந்து விழுந்தார்.

சிரித்தாள்.

இரண்டு பக்கமும் விரிந்ததாகத்தான் அவளுக்குத் தோன்றியது.

இல்லை என்பதை அவன் முகத்தில் கண்டாள்.

இரண்டு கையையும் தூக்கச் சொன்னான். வலது கை எழுந்தது. இடது கை தட்டோரம், பிழிந்த எலுமிச்சைத் துண்டுக்குப் பக்கத்தில், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போல் கிடந்தது.

தூக்கிக்கொண்டுதானே இருக்கிறேன் என்று நினைத்தாள்.

அப்போது வந்தது பயம். மொத்தமாக.

மாடிப்படியில் அவளைச் சுமந்துகொண்டு இறங்கினான். அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவள் காதில் கேட்டது. காரில் ஒரு கையால் ஓட்டினான், மறு கையால் அவள் தாடையைத் தொட்டுத் தொட்டு எழுப்பிக்கொண்டே இருந்தான். தூங்கிடாத, தூங்கிடாத என்பதைத் தவிர வேறெதுவும் அவனுக்குப் பேச வரவில்லை.

மருத்துவமனையில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துப் பக்கவாதம் என்றார்கள். ஊசி மருந்து சொட்டுச் சொட்டாக ஏறியது.

நல்ல நேரத்தில் கொண்டுவந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். உயிருக்குப் பயமில்லை. கை மெல்ல மெல்லத் திரும்பும். பேச்சும் முகமும் எவ்வளவு சரியாகும் என்று இப்போது சொல்ல முடியாது. மாதக் கணக்கில் யாராவது கூடவே இருக்க வேண்டியிருக்கும்.

"நான் இருக்கேன் டாக்டர். எங்கயும் போகல."

யோசிக்காமல் சொன்னான்.

சாயங்காலம் முழுக்க அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

டாக்டர் போனதும் அவன் கட்டில் பக்கம் திரும்பினான்.

அவள் வலது கையால் போர்வையை இழுத்து, கோணிய வாய் அவனுக்குத் தெரியாதபடி மூக்குவரை மூடிக்கொண்டாள்.