ஒத்துவராத குழு

"எருமைக்கு நாளைக்குன்னு ஒண்ணு உண்டா?"

மாலதி டீச்சர் கரும்பலகையில் எழுதிய கேள்வி அது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு நாலு பேராக உட்கார்ந்து இப்படி எதையாவது யோசிப்பார்கள். நாலு பேரும் ஒரே முடிவுக்கு வந்ததும் கையைத் தூக்க வேண்டும். தூக்கிவிட்டால் அந்தக் குழுவின் பேச்சு முடிந்தது. முதலில் தூக்கும் குழுவுக்குக் கைதட்டல்.

தலைமை ஆசிரியர் பஞ்சநதம் அன்று பின்பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். இதில் ஒன்றும் தேறவில்லை என்றால் அடுத்த வாரத்திலிருந்து அந்த பீரியட் கணக்குக்குப் போய்விடும் என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

மற்ற குழுக்கள் மளமளவென்று கையைத் தூக்கின. ஜன்னலோரக் குழு மட்டும் தூக்கவில்லை. அதில் வானதி ஒத்துக்கொள்ளவில்லை.

எருமைக்கு நாளை கிடையாது என்று ராஜராஜனும் ஹஸ்ஸானும் சொன்னார்கள். உண்டு என்றாள் வானதி. சரி, உண்டு என்று அவர்கள் இறங்கி வந்தால், இப்போது தனக்கே சந்தேகமாக இருக்கிறது என்றாள். நாலாவது ஆளான ஷமீரா வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை. குவைத்திலிருந்து போன மாதம்தான் கூத்தாநல்லூருக்கு வந்தவள். தமிழ் இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"எருமைகூட இந்நேரம் ஒரு முடிவுக்கு வந்திருக்கும்" என்றார் பஞ்சநதம். வகுப்பு சிரித்தது. மாலதிக்கு முகம் சுண்டிப்போனது.

"வீம்புக்குன்னே பேசுறே. எந்திரிச்சு அடுத்த குழுவுக்குப் போ" என்று வானதியைக் கிளப்பினார் டீச்சர். அவளும் முகம் சுளிக்காமல் போனாள்.

அவள் போனதும் ஹஸ்ஸான் மறுக்க ஆரம்பித்தான். சற்றுமுன் தலையாட்டியவன்தான். மாலதி ஒரு பார்வை பார்த்ததும் அடங்கினான். அப்பாடா என்று அவர் நிமிர்வதற்குள், எந்த எருமையைச் சொல்கிறீர்கள், கன்றா கிழடா என்று ராஜராஜன் தொடங்கினான்.

பஞ்சநதம் எழுந்துவிட்டார். "கணக்கு சாருகிட்டச் சொல்லிடுறேன் டீச்சர்."

அப்போதுதான் ஷமீரா பேசினாள். ஒவ்வொரு சொல்லாக.

"எருமைக்கு... நேத்து இருக்கு. வீட்டுக்கு வழி தெரியுது. நாளைக்கு... இல்லை. அதான் தண்ணியில நிம்மதியா படுத்திருக்கு."

வாசல்வரை போனவர் நின்றார்.

"எனக்குத்தான் இந்த நாளைக்குங்கிறது கொஞ்சம் அதிகம் போலிருக்கு" என்றபடி திரும்பி வந்து உட்கார்ந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை என்ன கேள்வி என்று விசாரித்தார்.

ஜன்னலோரத்தில் மூன்று கைகள் உயர்ந்தன. அடுத்த குழுவில் இருந்தபடியே வானதியும் தூக்கினாள்.

மாலதிக்கு நிம்மதி, கூடவே கொஞ்சம் கோபம். இவ்வளவு நேரம் மல்லுக்கட்டிவிட்டு இப்போது மட்டும் எப்படி ஒத்துவந்தது என்று ஹஸ்ஸானைக் கேட்டார்.

"வானதியையும் சேர்த்து எங்க மூணு பேருக்கும் முதல்லயே ஒத்துப்போச்சு டீச்சர். கையைத் தூக்கினா நீங்க பேச்சை முடிச்சிடுவீங்க. ஷமீரா யோசிச்சதைத் தமிழ்ல சொல்ல நேரமாகும். அதான் ஆளுக்கொரு தடவைன்னு முறை வச்சு மறுத்தோம்."