உள் சக்கரம்

கியர்பாக்ஸைக் கழற்றி மேசைமேல் பிரித்துப் போட்டிருந்தார் மெக்கானிக். பக்கத்தில் புது டிஃபரன்ஷியல், இப்போதுதான் தாளைப் பிரித்தது, கண்ணைப் பறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அவள் கணவன் அதைத் தடவிப் பார்த்தான். கையுறையோடு.

விரல் நுனிகள் வெளியே தெரியும் தோல் கையுறை. ரேஸ்காரர்கள் போடுவது. வண்டியை முந்தின நாளே இங்கே விட்டாயிற்று. இன்று வாடகைக் காரில்தான் இருவரும் வந்தார்கள். அதன் பின்சீட்டிலும் அவன் அதைக் கழற்றவில்லை.

"உனக்குப் புரியற மாதிரி சொல்றேன்," என்றான் அவளிடம். "இது முன் சக்கரம் இழுக்குற வண்டி. வேகமா வளைஞ்சா உள்பக்கச் சக்கரம் லேசாயிடும். பழைய டிஃபரன்ஷியல் என்ன பண்ணும் தெரியுமா? லேசா இருக்குறவனுக்கே இன்ஜினோட மொத்த பலத்தையும் குடுத்துடும். அவன் சும்மா சுத்திட்டிருப்பான். புதுசு அப்படியில்ல, ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் குடுக்கும்."

அவள் தலையாட்டினாள்.

லேசாக இருப்பவனுக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அவன் சும்மா சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. அதை அவளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

அலுவலகத்தில் அவனுக்கு 'ரேஸ்' என்று பெயர். கிண்டலுக்கு வைத்தார்கள். அவன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, அந்தப் பட்டத்துக்குப் பொருத்தமாக இந்த இரண்டு கதவுச் சிவப்பு வண்டியை வாங்கினான்.

நேரான சாலையில் பாட்டைச் சத்தமாக வைப்பான். தூரத்தில் ஒரு வளைவு தெரிந்தால் போதும், பாட்டை நிறுத்துவான். கால் பிரேக்குக்குப் போகும். மூச்சைப் பிடித்துக்கொள்வான். பின்னால் பள்ளிப் பேருந்து ஹாரன் அடிக்கும்.

"பொறாமை," என்பான்.

மெக்கானிக் முன் டயரை உருட்டிக்கொண்டு வந்தார். அதன் ஓரம் அரம் போட்டு ராவியதுபோல் தேய்ந்திருந்தது.

"வளைவுல நல்லா விரட்டுவீங்க போல, சார்."

அவன் ஒரு கணம் விழித்தான். பிறகு கையுறையை இழுத்து விட்டுக்கொண்டு, "கொஞ்சம் கை ஓடும்," என்றான்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலை முடிந்து வண்டி தரையில் இறங்கியபோது வெயில் தணிந்திருந்தது. மெக்கானிக் சன்னலில் குனிந்து ஒரே ஒரு புத்தி சொன்னார். வளைவில் ஆக்ஸிலேட்டரை விட்டுவிடக் கூடாது. மிதித்தால் வண்டியே மூக்கை உள்ளே இழுத்துக்கொண்டு போகும்.

"தெரியாதா எனக்கு?" என்று சிரித்தான் அவன்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஆளில்லாத ஒரு சாலை. முதல் வளைவு. மெக்கானிக்கின் பாராட்டு இன்னும் தலையில் இருந்ததால், வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வளைவில் மிதித்தான்.

வண்டி மூக்கை உள்ளே இழுத்தது. ஸ்டியரிங் அவன் கைக்குள் முறுக்கிக்கொண்டு திரும்பியது.

"ஐயோ அம்மா!"

பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தான். இன்ஜின் செத்தது. சாலைக்குக் குறுக்கே நின்றது வண்டி. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, அவனையும் கையுறையையும் பார்த்துவிட்டு, சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

அவன் ஸ்டியரிங்கை முறைத்தான்.

"பார்ட்டே சரியில்ல," என்றான். பிறகு, "வித்துடலாம் இந்தச் சனியனை. ஆட்டோமேடிக்கா, சாதுவா ஒண்ணு வாங்கிக்கலாம்."

அதுவரை அவன் சொன்ன எதற்கும் அவளுக்குச் சிரிப்புதான் வந்துகொண்டிருந்தது. இதற்கு மட்டும் வரவில்லை.

ஏனென்றால், அந்த டயரைத் தேய்த்தவள் அவள்.

அவன் ஆடிட்டுக்கு வெளியூர் போகும் வாரங்களில், விடியும் முன் ஏரிக்கு மேலே ஏறும் மலைச்சாலையில் இந்த வண்டியை ஓட்டுவது அவள்தான். கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் ரொட்டி வேனை அந்த மாதிரிச் சாலைகளில்தான் ஏற்றி இறக்கினாள். வண்டி வந்த புதிதில் ஒரு தடவை சாவியைக் கேட்டாள். "வேன் ஓட்டின கைக்கு இதெல்லாம் அடங்காது," என்றான். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. சாவி எங்கே தொங்குகிறது என்று தெரிந்திருக்கும்போது கேட்பானேன்.

வளைவுகளில் உள் சக்கரம் வீணாகச் சுற்றுவதைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். சற்று முன் மூக்கு உள்ளே இழுத்த அந்த அரை நொடியில், அவன் அலறிக்கொண்டிருந்தபோது, அவள் உடம்பு சிலிர்த்தது. இனி அந்தச் சக்கரம் வீணாகச் சுற்றாது.

இதை விற்க விடுவதா?

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலில் தேனைக் குழைத்தாள். இவ்வளவு லாகவமாக அது வருகிறதே என்று, அவன்மேல் இருந்த இளக்காரத்தில் ஒரு பங்கு தன்மேலேயே திரும்பியது. இருந்தாலும் சொன்னாள்.

"நீங்க ஓட்டுற வேகத்துக்கு வேற எந்த வண்டிங்க தாங்கும்?"

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்தான். இன்ஜினை உயிர்ப்பித்தான்.

ஊர்ந்து வீட்டுத் தெருவுக்குத் திரும்பும்போது அவள் வெளியே பார்த்தபடி, "பிரேக்கையும் நல்லதா மாத்தணும்னு போன வாரம் சொன்னீங்களே, மறந்துட்டீங்களா?" என்றாள்.

"எப்படி மறப்பேன்? நான்தானே சொன்னேன்."

அவன் அப்படி எதுவும் சொல்லவில்லை. டிஃபரன்ஷியலை மாற்றவேண்டும் என்றும் அவன் இப்படித்தான் சொல்லியிருந்தான்.