சிவப்பு மையில் ஒரு பதில்

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம் அண்ணி. இப்படியா அவமானப்படுத்துறது?"

கொழுந்தன் நீட்டிய கடிதத்தை அண்ணி வாங்கினாள். தினமும் ஒரே பஸ்ஸில் வரும் பெண்ணுக்கு, மூன்று மாதம் தயங்கித் தயங்கி நேற்று அவன் கொடுத்த கடிதம். இன்று காலை அதையே அவன் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போய்விட்டாளாம். பக்கம் முழுக்கச் சிவப்பு மை.

"டீச்சரம்மா போலிருக்கு. மார்க் எவ்வளவுடா?" என்று அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"நீங்க சும்மா இருங்க" என்ற அண்ணி, கோடு கோடாக விரல் வைத்துப் பார்த்தாள். "தம்பி, அந்தப் பொண்ணு எங்கே வேலை பார்க்குது?"

"தெரியாது அண்ணி. விரல்ல எப்பவும் சிவப்பு மை ஒட்டியிருக்கும்."

அண்ணி துள்ளி எழுந்தாள். "அட, அவ புரூஃப் பார்க்கிறவ! எங்க பிரஸ்ல தினமும் நான் பார்க்கிற குறிகள்தான் இதெல்லாம். 'பிடிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிடுங்கள்'னு எழுதியிருக்கியே, அதை அடிச்சு ஓரத்துல சுழி போட்டிருக்கா. அந்த வரியே வேண்டாமாம்!"

"மத்ததெல்லாம்?"

"நீ விட்ட ஒற்றெழுத்து. போட்டுக் கொடுத்திருக்கா."

"அப்போ இது?" 'நீங்களும்', 'நானும்' என்ற சொற்களுக்கு நடுவே, மேலும் கீழும் வளைவாக இரண்டு கோடுகள் இருந்தன.

"நடுவுல இடைவெளி கூடாது, ஒட்டிச் சேர்த்துடுன்னு அர்த்தம்."

அவன் குரல் கீச்சிட்டது. "அடியில டிக் அடிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காளே?"

"இனிமே திருத்த ஒண்ணுமில்லே, அச்சுக்கு அனுப்பலாம்னு அர்த்தம்."

"எதை அண்ணி?"

"கல்யாணப் பத்திரிகையைத்தான்!"