நண்டு வேணாம்மா!

காரைக்குடியின் பெரிய ஓட்டலில் தேவிகா தனியாக ஒயின் பரிமாறியது அன்றுதான் முதல் தடவை. பிரான்சில் குடியேறிய புதுச்சேரி அம்மாள் ஒருவர், பிரெஞ்சு சிவப்பு ஒயினும் நண்டு மசாலாவும் கேட்டார்.

“நண்டு வேணாம்மா. அந்தக் காரத்துக்கு இந்த ஒயின் கசக்கும். கொழுப்புள்ள ஆட்டுக்கறியைக் காரம் குறைச்சுக் கொண்டாரேன். பாட்டிலையும் பத்து நிமிசம் ஐஸ்ல வைக்கிறேன்.”

“சிவப்பு ஒயினை யாராவது குளிர வைப்பாங்களா?”

“அங்குட்டு பிரான்சுக் குளிருக்கு வேணாம். இங்குட்டு அடிக்கிற வெயிலுக்கு லேசாக் குளிர்ந்தாத்தாம்மா ருசி.”

கறியைத் தின்று ஒரு மடக்குக் குடித்த அம்மாள், “மேனேஜரைக் கூப்பிடு” என்றார்.

மேனேஜர் ஓடிவந்தார்.

“முப்பது வருஷமா இந்த ஒயினைத் தயாரிக்கிறதே எங்க குடும்பம்தான். இவ்வளவு ருசியா இன்னைக்குத்தான் குடிக்கிறேன். எங்க ஆளுங்களுக்குச் சொல்லித்தர இந்தப் பொண்ணை ஒரு மாசம் அனுப்புவீங்களா?”