மூன்றாம் தட்டு

துணி அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் சென்சார் விளக்கு உண்டு. எந்தத் தட்டுக்குக் கை நீட்டுகிறோமோ, அது மட்டும் எரியும்.

தவழும் முன்பே மகள் தவறிப்போனாள். அவளுடைய துணிகள் அடித்தட்டிலேயே இருந்தன. மறுவருஷம் அந்தத் தட்டின் விளக்கு, ஆளில்லாமலே எரியத் தொடங்கியது.

"சென்சார் போயிடுச்சு, கழட்டிடட்டுமா?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அதுல கை வைக்காதீங்க" என்றாள் மனைவி.

கணவன் எலிமேல் பழியைப் போட்டான். பொறி வைத்தான், எதுவும் விழவில்லை. பிறகு ஒருநாள் அடித்தட்டின் விளக்கு அணைந்துபோய், இரண்டாம் தட்டின் விளக்கு எரிந்தது.

"எலி ஏறப் பழகிடுச்சு போல" என்று சிரித்துச் சமாளித்தான்.

வருஷங்கள் ஓடின. இன்று காலை சட்டை எடுக்க வந்தவன் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். திறந்து கிடந்த அலமாரியில் மூன்றாம் தட்டின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவனுடைய சட்டைகள் இருக்கும் தட்டு. மேலே இருந்த சட்டையின் கை மட்டும் வெளியே தொங்கி, லேசாக ஆடியது.

மூச்சுவிடாமல் கிட்டே போனான். உள்ளங்கையைத் தட்டின் மட்டத்துக்குப் பிடித்து, அப்படியே தன் பக்கம் கொண்டுவந்தான். இடுப்பில் வந்து நின்றது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் உயரம்.

குனிந்து, அடித்தட்டிலிருந்த குட்டி கவுனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனான்.

"இது இனிமே அவளுக்குப் பத்தாது, இல்ல?" என்றான் மனைவியிடம்.