பச்சைக் கதவைச் சுரண்டியது

பொங்கலுக்குப் பொங்கல் பழைய பெயிண்டின் மேலேயே புதுசைப் பூசிப் பழகிய வீடு அது. அதன் பச்சைக் கதவுக்கு ஒரு நாள் பெயிண்ட் உரிக்கும் சுரண்டி ஒன்று வந்து சேர்ந்தது.

"உன் நிஜ மரத்தைப் பார்க்காம விடமாட்டேன்," என்றது சுரண்டி. கரகரவென்று பச்சை உதிர்ந்தது. நீலம் உதிர்ந்தது. அடியில் காவி.

"இதோட நிறுத்திக்கோப்பா," என்றது கதவு.

"ஏன், மரம் வலிக்குதா?"

"மரம் ஏது? கரையான் தின்னு முடிச்சு எத்தனையோ வருஷமாச்சு. பூச்சுங்க நாங்கதான் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கிட்டுக் கதவா நிக்கிறோம்."

சுரண்டி நம்பாமல் ஓர் இழுப்பு இழுத்தது. கதவு சத்தமில்லாமல் பொடியாய்க் கொட்டியது.

ஆனாலும் கரகரவென்ற சத்தம் மட்டும் நிற்கவில்லை. சுரண்டி உற்றுக் கேட்டது. பச்சை பூசிய தன் மரப்பிடிக்குள்ளிருந்து வந்தது அது. தான் சுரண்டும் சத்தம் என்றே அதை இத்தனை நாளும் நினைத்திருந்தது.